நடுவயதுக் கணவர்களும் சொல்லப்படாத நோயும்

 



சிறுவர்களும் பெரியவர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் ஜுமுஆ மேடையில் விரித்துரைக்க இயலாத விஷயங்கள் சில உண்டு. அவற்றைப் பேசாமலேயே விட்டுவிட்டால் குடும்பங்கள் உடைகின்றன. சில வேளைகளில் உயிர்களும் பறிபோகின்றன. அத்தகைய ஒன்றைத்தான் இம்மாதம் எழுத்தில் உங்கள் முன் வைக்கின்றேன். 40 வயதைக் கடந்த ஆண்கள் பலருக்கு ஏற்படும் விறைப்புத்தன்மைக் குறைபாடு பற்றியது இக்கட்டுரை. கணவனும் மனைவியும் தனித்தனியே படித்து, பின்னர் இருவரும் சேர்ந்து பேசிக்கொண்டால் எழுதியதன் நோக்கம் நிறைவேறும்.

தாம்பத்திய உறவுக்குப் போதுமான விறைப்பு ஏற்படாமலோ, ஏற்பட்டும் நிலைக்காமலோ தொடர்ந்து இருந்து வருவதையே மருத்துவர்கள் இக்குறைபாடு என்கின்றனர். களைப்பினாலோ கவலையினாலோ என்றோ ஒருநாள் நேர்வது நோயாகாது. மாதக்கணக்கில் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்களில் இதற்கு வழங்கும் பெயர் 'ஆண்மைக் குறைவு'. இப்பெயரே பாதி நோய்க்குக் காரணம் எனலாம். கண் பார்வை மங்கியவரை நாம் மனிதத் தன்மை குறைந்தவர் என்று சொல்வதில்லை. ஆனால் உடலின் ஒரு பகுதிக்கு இரத்தம் சரியாகப் பாயாதவரை ஆண்மை குறைந்தவர் என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் இத்தகைய இழிசொல் ஒன்றே வழக்கில் இருந்தது. 1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, அச்சொல்லைக் கைவிட்டு, செயல்பாட்டுக் குறைபாடு என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. மேலும், குழந்தைப்பேறின்மை வேறு, இக்குறைபாடு வேறு. நான்கு பிள்ளைகளைப் பெற்ற தந்தைக்கும் 50 வயதில் இது வரலாம்.

மார்க்கம் காட்டும் முன்மாதிரி

வெட்கம் உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. எனினும் தீர்வு தேட வேண்டிய இடத்தில் வாயை அடைத்துவிடும் வெட்கத்தை மார்க்கம் நமக்குக் கற்றுத் தரவில்லை. நபி (ஸல்) அவர்களின் அவைக்கு ஒரு பெண்மணி வந்து, தம் இரண்டாம் கணவரின் இயலாமை பற்றி வெளிப்படையாக முறையிட்ட நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. அபூபக்ர் (ரலி) அவர்கள் அவையில் இருந்தார்கள். உள்ளே வர அனுமதிக்காக வாசலில் காத்திருந்த காலித் பின் ஸயீத் (ரலி) அவர்கள், இப்படி உரக்கப் பேசுவதைத் தடுக்கக் கூடாதா என்று அங்கிருந்தே கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களோ புன்னகை செய்தார்களே தவிர அப்பெண்மணியைக் கடிந்து கொள்ளவில்லை. அவர் கேட்க வந்த விஷயத்திற்குரிய சட்டத்தை எடுத்துரைத்தார்கள்.

நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால் 'இன்னீன்' என்னும் பெயரில் இதற்கெனத் தனிப் பகுதியே இருக்கக் காணலாம். திருமணத்திற்குப் பின் ஒருமுறைகூட இணைய இயலாத கணவன் மீது மனைவி வழக்குத் தொடுத்தால், அவனுக்கு ஓர் ஆண்டு தவணை அளிக்க வேண்டும் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் சட்டம். உமர் (ரலி) அவர்கள் அவ்வாறு தீர்ப்பளித்ததாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஏன் ஓர் ஆண்டு? வெப்பமும் குளிரும் மாறி மாறி வரும் பருவங்கள் அனைத்தும் அவன் உடல் மீது ஒருமுறை கடந்து செல்லட்டும். பருவத்தின் தாக்கத்தால் வந்த நோயாயின் அதற்குள் நீங்கிவிடும் என்று இமாம்கள் காரணம் கூறினர். நடுவயதில் வரும் குறைபாட்டுக்கு இச்சட்டத்தை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் இதில் ஒரு பெரும் படிப்பினை இருக்கிறது. அவர்கள் அக்கணவனை இகழவில்லை. நோயாளியாகக் கண்டு அவகாசம் கொடுத்தார்கள். மனைவியின் உரிமையையும் மறுக்கவில்லை. அவளது முறையீட்டுக்குச் செவி கொடுத்தார்கள். நாம் இவ்விரண்டையும் மறந்துவிட்டோம்.

குறைபாடு எவ்வாறு ஏற்படுகிறது?

மூளையிலிருந்து நரம்புகள் வழியாக ஆணை வந்ததும், இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பு நுனிகளிலும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு சுரக்கிறது. அது குழாய்களின் தசைகளைத் தளர்த்துகிறது. தளர்ந்த குழாய்களில் இரத்தம் வேகமாகப் பாய்ந்து நிறைகிறது. வெளியேறும் வழிகள் அழுந்தி மூடிக்கொள்கின்றன. ஆக, நரம்பு, இரத்தக் குழாய், உடற்சுரப்பு, மன அமைதி ஆகிய நான்கும் ஒத்துழைத்தால்தான் இச்செயல் நடைபெறும். இந்த நைட்ரிக் ஆக்சைடின் பணியைக் கண்டறிந்தமைக்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூன்று அறிவியலாளர்களுக்கு 1998இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இப்பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்திற்கு இரத்தம் தரும் குழாயின் விட்டமோ 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு படிவதும், உட்சுவர் பழுதுபடுவதும் உடல் முழுவதும் ஒரே காலத்தில் நடைபெறுகின்றன. ஒரே தொட்டித் தண்ணீர் ஓடும் வீட்டில் உப்புப் படிந்தால் மெல்லிய குழாய்தான் முதலில் அடைபடும். ஆகவேதான் பலருக்கு மாரடைப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இக்குறைபாடு தலைகாட்டிவிடுகிறது. 55 வயதைக் கடந்த 9,000க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஆய்வு, இக்குறைபாடு கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதை உறுதி செய்தது. புகைபிடிப்பவருக்கு உள்ள ஆபத்தோடு ஒப்பிடத்தக்க அளவு அது இருந்தது.

சிந்தித்துப் பாருங்கள்! அல்லாஹ் நம் உடலிலேயே ஓர் எச்சரிக்கை மணியை அமைத்திருக்கின்றான். அது ஒலிக்கும்போது நாம் வெட்கப்பட்டுக் காதைப் பொத்திக் கொள்கிறோம்.

யாருக்கெல்லாம் வருகிறது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரையொட்டிய பகுதிகளில் 40 முதல் 70 வயது வரையிலான 1,290 ஆண்களிடம் 1987 முதல் 1989 வரை நடத்தப்பட்ட ஆய்வு 1994இல் வெளியானது. அவர்களில் 52 விழுக்காட்டினருக்குச் சிறிதாகவோ பெரிதாகவோ இக்குறைபாடு இருந்தது. 17 விழுக்காட்டினருக்கு இலேசாகவும், 25 விழுக்காட்டினருக்கு நடுத்தரமாகவும், 10 விழுக்காட்டினருக்கு முழுமையாகவும் இருந்தது. "எனக்கு மட்டும்தான்" என்று நினைத்து இரவில் உறங்காமல் கிடக்கும் சகோதரர், தம் வயதையொத்தவர்களில் எத்தனையோ பேர் இதே கவலையில் இருக்கின்றனர் என்பதை அறிந்து கொள்ளட்டும்.

நம் நாட்டில் இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று நீரிழிவு என்னும் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள ஆய்வு நிறுவனமும் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அந்நோய் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் ஒருசேரத் தாக்குகிறது. பல நாடுகளின் 145 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான அறிக்கை, சர்க்கரை நோயுள்ள ஆண்களில் பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு விறைப்புத்தன்மைக் குறைபாடு இருப்பதாகக் கூறுகிறது. சிலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இக்குறைபாட்டுக்காக மருத்துவரைக் காணும்போதுதான் தெரிய வருகிறது.

உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் கொழுப்பு, பருத்த வயிறு, பீடி, சிகரெட், மது ஆகியனவும் காரணங்களே. இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மாத்திரைகளுள் சிலவும் இப்பாதிப்பை உண்டாக்கலாம். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பக்கவாதத்தை விலைக்கு வாங்குவதற்கு அது ஒப்பாகும். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தர வழியுண்டு.

மனமும் ஒரு காரணம். அதிகாலையில் விழிக்கும்போது இயல்பான விறைப்பு இருந்து, மனைவியிடம் மட்டும் இயலாமற் போகுமானால், அச்சமோ மனக்கவலையோ காரணமாயிருக்கக் கூடும். எப்போதுமே இல்லாமல், படிப்படியாகக் குறைந்து வந்திருந்தால் உடலில் காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலோருக்கு இவ்விரண்டும் கலந்தே இருக்கும். ஒருமுறை இயலாமற் போனவர் அடுத்த முறை அதே அஞ்சலுடன் நெருங்குகிறார். அந்த அச்சமே மீண்டும் தடையாகிறது.

சபரில் இருக்கும் சகோதரர்களின் நிலையை இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் வளைகுடாவில் தனித்திருந்து, கிடைத்ததை உண்டு, தூக்கம் கெட்டு உழைத்து, சர்க்கரையைப் பரிசோதிக்கவும் நேரமின்றி, இரண்டு மாத விடுப்பில் ஊர் வருகின்றனர். வந்தவுடன் உறவினர் கூட்டம், கடன் கணக்கு, பிள்ளைகளின் திருமணப் பேச்சு. இவற்றுக்கு நடுவே இல்லறத்தில் தடங்கல் நேர்ந்தால், அதை யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறிவிடுகின்றனர். ஊரில் இருக்கும் மனைவி, "அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள் போலும்" என்று நினைத்துக் கலங்குகிறாள். நோய் ஒன்று, அது தந்த காயங்கள் இரண்டு.

மௌனம் வீட்டுக்குள் செய்யும் வேலை

இக்குறைபாடு படுக்கையறையோடு நின்றுவிடுவதில்லை. தன்னம்பிக்கை இழந்த கணவர் மனைவி உறங்கிய பிறகே வீட்டுக்கு வருகிறார். காரணமின்றிக் கோபப்படுகிறார். தனி அறையில் படுக்கிறார். அன்போடு தோளில் வைத்த கையையும் விலக்கி விடுகிறார். அது எங்கே போய் முடியுமோ என்ற அச்சம். மனைவியோ, தன் வயதும் தோற்றமும் கணவருக்கு வெறுப்பைத் தந்துவிட்டன என்று எண்ணிக் குமைகிறாள். அவளும் மாதவிடாய் நிற்கும் பருவத்தில், உடல் வறட்சி, தூக்கமின்மை போன்ற தன் சொந்தத் துன்பங்களோடு இருப்பாள். அவளுக்கும் மருத்துவம் உண்டு என்பதை இருவருமே அறிவதில்லை. மனச்சோர்வினால் இக்குறைபாடும், இக்குறைபாட்டினால் மனச்சோர்வும் வளர்கின்றன.

மஹல்லாப் பஞ்சாயத்துக்கு வரும் வழக்குகளில் சமையல், செலவு, மாமியார் என்று பல காரணங்கள் சொல்லப்படும். சொல்லப்படாத காரணம் ஒன்று அவற்றுக்கு அடியில் இருப்பதுண்டு. தலாக், குலா என்ற சொற்கள் நாவில் வருவதற்கு முன், ஒரு மருத்துவரைப் பார்த்தீர்களா என்று ஜமாஅத் பெரியவர்கள் கணவரைத் தனியே அழைத்துக் கேட்பது நன்று. அங்கே கேட்டதை வெளியே சொல்லாமல் காப்பது அமானத்.

சகோதரிகளே! உங்கள் கணவரின் இந்நிலையை உங்கள் தாயாரிடமோ சகோதரிகளிடமோ சொல்லி விடாதீர்கள். கோபத்தின் உச்சியிலும் அதைக் குத்திக் காட்டாதீர்கள். "வாருங்கள், இருவரும் டாக்டரைப் பார்ப்போம்" என்ற ஒரு சொல் போதும். கணவர்களே! உங்கள் மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள். "உன் மீது குறையில்லை, என் உடம்புக்குச் சரியில்லை" என்று நீங்கள் சொல்லாதவரை அவள் தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்வாள். நெருக்கமும், இனிய பேச்சும், பரிவான தொடுதலும் இல்லறத்தின் பங்குகளே. அவற்றையும் சேர்த்து நிறுத்திவிடுவது அவளுக்குச் செய்யும் அநீதி.

செய்வினை என்றும் லேகியம் என்றும்

இக்குறைபாடு கண்டவுடன், "யாரோ கட்டு வைத்துவிட்டார்கள், ஒரு தாவீஸ் வேண்டும்" என்று தேடிச் செல்வோர் உண்டு. சூனியம் பற்றிய விவாதத்திற்குள் நான் இங்குச் செல்லவில்லை. துஆவைக் கைவிடுமாறும் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரைப் பரிசோதனை செய்து பாராமல் செய்வினை என்று முடிவு கட்டுவது, மாமியார் மீதும் பங்காளி மீதும் பழி சுமத்துவதில்தான் முடியும். நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கும்போது, மருத்துவம் செய்து கொள்வதும் அவ்வழியைப் பின்பற்றுவதேயாகும்.

மற்றொரு சாரார் சுவரொட்டிகளையும் லாட்ஜ் முகாம் வைத்தியர்களையும் நம்பிப் போகின்றனர். இந்தியாவில் 1954ஆம் ஆண்டிலேயே, இக்குறைபாட்டை நீக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அப்படியிருந்தும் விளம்பரங்கள் நின்றபாடில்லை. மூலிகை என்று பெயரிட்டு விற்கப்படுவனவெல்லாம் மூலிகையுமல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை கலப்படம் கண்டறிந்து எச்சரித்த துணை உணவுப் பொருள்கள் 776. அவற்றுள் பாதிக்குச் சற்றுக் குறைவானவை ஆண்களின் இச்சக்திக்கென விற்கப்பட்டவை. பலவற்றில் சில்டெனாஃபில் என்னும் ஆங்கில மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்தது.

உயிருக்கே ஆபத்தான இடம் இதுதான். நெஞ்சு வலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை உட்கொள்வோர், சில்டெனாஃபில், டாடாலாஃபில் போன்ற மாத்திரைகளை ஒருபோதும் உட்கொள்ளக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து மரணம் நேரலாம். லேகியத்தில் மறைந்திருப்பதை அறியாமல் உட்கொண்டாலும் விளைவு ஒன்றே. அம்மாத்திரை சாப்பிட்டவருக்கு நெஞ்சு வலி வந்தால், வெட்கத்தை விட்டு, இன்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று மருத்துவமனையில் முதலில் சொல்லிவிட வேண்டும். மனைவிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பேச முடியாத நிலையில் அவள்தான் சொல்வாள்.

செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் வழக்கமான டாக்டரிடம் செல்லுங்கள். இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு ஆகிய பரிசோதனைகளைக் கேளுங்கள். ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் அளவைக் காலை வேளையில் எடுத்த இரத்தத்தில் பார்க்க வேண்டும். 40, 50 வயதில் இக்குறைபாடு புதிதாகத் தோன்றியிருந்தால், இதயத்தையும் பரிசோதிக்க வேண்டுமா என்று தவறாமல் கேளுங்கள். தேவைப்பட்டால் யூராலஜி மருத்துவரிடம் அனுப்புவார்.

இரண்டாவது, வாழ்க்கை முறை. இத்தாலியில் உடற்பருமனும் இக்குறைபாடும் உள்ள 110 ஆண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. உணவைக் குறைத்து, உடற்பயிற்சியை முறையாகப் பேணிய 55 பேரில் 17 பேர், இரண்டே ஆண்டுகளில் இயல்பு நிலைக்குத் திரும்பினர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற 55 பேரில் அவ்வாறு திரும்பியவர்கள் 3 பேரே. பஜ்ருத் தொழுகை முடிந்ததும் மீண்டும் படுக்கைக்குச் செல்லாமல் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். வாரத்திற்கு ஐந்து நாட்கள் நடந்தால், உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தும் 150 நிமிடங்கள் நிறைவாகிவிடும். வலீமா விருந்துகளில் இரண்டாம் முறை பரிமாற வருவோரிடம் போதும் என்று சொல்லப் பழகுங்கள். புகையை அறவே விடுங்கள்.

மூன்றாவது, மருந்து. முதலில் நெஞ்சு வலிக்காக ஆராயப்பட்ட சில்டெனாஃபில், 1998 மார்ச் மாதத்தில் இக்குறைபாட்டுக்கான மாத்திரையாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ஆசையைத் தூண்டுவதில்லை. ஆசை இருக்கும்போது இரத்தம் பாயத் துணை செய்கிறது. சர்க்கரை நோயுள்ள 268 ஆண்களிடம் நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், அதை உட்கொண்டோரில் 56 விழுக்காட்டினர் பயன் கண்டனர். வெற்று மாத்திரை பெற்றோரில் 10 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர். மருத்துவர் சீட்டின்றி, நண்பர் சொன்னார் என்று கடையில் வாங்க வேண்டாம். நான்கு மணி நேரத்திற்கு மேல் விறைப்பு நீடித்தாலோ, திடீரெனப் பார்வை குன்றினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாத்திரை பலனளிக்காதவர்களுக்கும் ஊசி, வெற்றிடக் கருவி, அறுவைச் சிகிச்சை என வேறு வழிகள் இருக்கின்றன.

அன்பானவர்களே! வயது ஏற ஏற உடலின் வேகம் குறைவது இயற்கை. 25 வயதின் நிலையை 60 வயதில் எதிர்பார்ப்பதும் முறையன்று. சிகிச்சைக்குப் பின்னரும் முழுமையாகத் திரும்பாதவர்கள் இருக்கவே செய்வர். அத்தம்பதியர் ஒருவரையொருவர் பொறுத்து, மனத்தால் நெருங்கி வாழ்வதும் நிறைவான இல்லறமே. நம் உடல் நமக்கு அல்லாஹ் தந்த அமானத். அதன் எச்சரிக்கையைக் கேட்டு நடப்பது நம் மீதுள்ள கடமை. ஆகவே இதைப் படித்த சகோதரர் எவருக்கேனும் மாதக்கணக்கில் இக்குறை இருக்குமாயின், இந்த வாரத்திலேயே இரத்தப் பரிசோதனைக்குச் செல்லட்டும். செல்வதற்கு முந்திய இரவில் தம் மனைவியிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுச் செல்லட்டும்.

அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பையும் கருணையையும் நிலைபெறச் செய்வானாக! நம் நோய்களுக்கு ஷிஃபாவையும், அவற்றைச் சொல்வதற்குரிய துணிவையும், பிறர் குறையை மறைத்துக் காக்கும் பண்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.